அக்காவுக்கு நடத்திய பாடம்

சிஸ்டர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, முழங்காலோடு முழங்கால் இடிக்கிற தூரத்தில் என் எதிரே உட்கார்ந்ததை இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மண்டியின் மாடி அது. கீழே வத்தல் மிளகாய் மூட்டையைப் பிரித்தால் நெடி படியேறி வந்துவிடும். வகுப்பில் பாதிப் பேர் தும்மிக்கொண்டே பாடம் கேட்போம். மண்டிக்காரர் பாய் நல்ல மனுஷர். படுக்கையில் கிடக்கிற நோயாளிகளை வீடு தேடிப்போய்ப் பார்ப்பவர்களுக்கான பயிற்சி என்று சொன்னதும் வாடகைப் பேச்சே எடுக்காமல் சாவியைக் கொடுத்தவர். அன்று டீ குடிக்க எல்லோரும் கீழே இறங்கிவிட்டார்கள். சிஸ்டர் தன் செல்போனைக் கவிழ்த்து வைத்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அக்கா ஒடம்பப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும் சாமி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். கெட்ட செய்தியை நின்றுகொண்டு சொல்லக்கூடாது. முதலில் உட்கார வேண்டும், போனைக் கவிழ்த்து வைக்க வேண்டும், எதிரில் இருப்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்க வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் ஆறுதல் என்ற பெயரில் வளவளவென்று பேசாமல் வாயை மூடிக்கொண்டு கூடவே இருக்க வேண்டும். நானே எத்தனை வீடுகளில் அப்படி உட்கார்ந்திருக்கிறேன்! அதனால் அவர் அடுத்த வாக்கியத்துக்கு வருவதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது. தம்மம்பட்டியில் என் அக்கா செத்துப்போய்விட்டாள்.

சிஸ்டர் சேலத்தில் ஒரு சின்ன அறக்கட்டளையில் நர்ஸாக இருந்தார். திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்தவர், என்னைவிட வயதில் இளையவர். பல் போன கிழவரையும் "சாமி" என்பார், அவர் மடியில் கிடக்கிற பேரக்குழந்தையையும் "சாமி" என்பார். குணமாகாத நோய் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் அனுப்பிவிட்டவர்களை வீட்டிலேயே வைத்து, வலி தெரியாமல், புண் நாறாமல், மரியாதையோடு பார்த்துக்கொள்வதைத்தான் பாலியேட்டிவ் என்று சொல்கிறார்கள். அதை அங்கன்வாடிக்காரர்களுக்கும் கிராம நர்ஸுகளுக்கும் என்னைப்போல ஓய்ந்த நேரத்தில் போகிற சாதாரண ஆட்களுக்கும் பழக்கிக் கொடுப்பது அவர் வேலை.

எனக்குப் புதுச்சத்திரத்தில் தையல் கடை. ஊருக்குச் சேவை செய்ய வேண்டும் என்ற பெரிய மனசெல்லாம் எனக்குக் கிடையாது. அப்படி யாராவது மேடையில் என்னைப் பாராட்டினால் சிரிப்புத்தான் வரும். நான் பயிற்சிக்குப் போனது அக்காவுக்காக. அவளுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் வந்து, ஆபரேஷன் செய்து, கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்தியமும் செய்து, ஒருவழியாக எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாள். பிள்ளையில்லாத வீடு. மாமா மட்டும்தான். அவருக்கோ வெந்நீர் வைக்கச் சொன்னால் அடுப்பைத் தேடுகிற கை. அது திரும்ப வந்தால் அக்காவை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், என் கையால் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் அந்த மாடிப்படி ஏறினேன். முதல் நாளே சிஸ்டரிடம் இதைச் சொன்னேன். "நல்லாக் கத்துக்கங்க சாமி, உங்கக்காவுக்கு வேண்டாமயே போகட்டும்" என்றார். அந்த வார்த்தையில் நான் அப்படியே உருகிப்போனேன்.

சிஸ்டரைப்போலப் பாடம் நடத்துகிறவரை நான் பார்த்ததில்லை. கரும்பலகையெல்லாம் கிடையாது. பாயை விரித்து அவரே நோயாளியாகப் படுத்துக்கொள்வார். எங்களில் ஒருத்தி மருமகள், ஒருத்தி பார்க்க வந்தவள். "எனக்கு என்னாச்சும்மா? ஆரும் சொல்ல மாட்டேங்கறாங்களே" என்று அவர் முனகுகிற முனகலில் எங்களுக்குக் கண்ணீர் வந்துவிடும். நம் பக்கத்தில் நோயாளியிடம் நோயைச் சொல்லவே மாட்டார்கள். "வயித்துல புண்ணுன்னு சொல்லி வெச்சிருக்கறோமுங்க, நீங்களும் அப்படியே சொல்லீருங்க" என்று வாசலிலேயே நம்மை மறித்துக் காதைக் கடிப்பார்கள். சிஸ்டருக்கு அது பிடிக்காது. அவர் உடம்பு, அவர் சாவு, அவரிடமே மறைக்க நீ யார் என்று கேட்பார். அதேபோல, நோயாளி வேண்டாம் என்றால் வேறு யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்பார். நாங்கள் மந்திரம்போல மனப்பாடம் செய்துகொண்டோம்.

பார்க்கிற பாடம் ஒன்று இருந்தது. அதில்தான் நான் கெட்டி. "வாசப்படியிலயே பாதி தெரிஞ்சுரும் சாமி, கண்ணத் தொறந்து வெச்சுக்கங்க" என்பார். வாசலில் கிடக்கிற செருப்பில் தூசி படிந்திருந்தால் அவர் வெளியே போய் நாளாகிவிட்டது. வளையல் முழங்கை வரை ஏறுகிறதா பார். பேசும்போது நடுவில் மூச்சு வாங்குகிறாரா பார். உட்கார்ந்தவர் எழும்போது எதைப் பிடிக்கிறார், எந்தப் பக்கம் சாய்கிறார், தட்டில் எவ்வளவு மிச்சம் வைக்கிறார் என்று பார். சொல்லாமல் மறைக்கிற வலியைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பார். தையல்காரிக்கு உடம்பை அளக்கச் சொல்லியா தர வேண்டும்? ஒரு வீட்டுக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் நான் சொல்கிற விவரத்தைக் கேட்டு சிஸ்டரே, "இவங்க கண்ணுக்குத் தப்பிக்க முடியாதுப்பா" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு நான் பூரித்துப்போய் நின்றதை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா வீட்டுக்கு நான் போகாமல் இருந்ததில்லை. ராசிபுரம் போய் பஸ் மாறி, அங்கிருந்து, "வந்துட்டிருக்கறேன், சோறு வெய்யி" என்று போன் போடுவேன். போய்ச் சேரும்போது அக்கா நாற்காலியில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருப்பாள். "வந்துட்டாடா ஊருப் புண்ணெல்லாம் கழுவறவ. கையக் கழுவிட்டு உள்ள வா" என்பாள். அவ்வளவுதான், சண்டை ஆரம்பித்துவிடும். எந்நேரமும் நைட்டியும் தோளில் ஒரு துண்டுமாக இருக்கிறாயே, சேலைக்கு என்ன கேடு என்று நான் கத்துவேன். ஜாக்கெட் துணி கொடு, தைத்துத் தருகிறேன் என்றால், "நீ தச்சா கையப் புடிக்குது, எனக்கு ரெடிமேடு போதும்" என்பாள். எனக்கு ரோஷம் வந்துவிடும். ஊரெல்லாம் என் தையலுக்கு வரிசையில் நிற்கிறது, இவளுக்கு ரெடிமேடு வேண்டுமாம்! மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். மறுநாள் அவளே போன் செய்து, "என்னடி, கோவம் தீந்துச்சா?" என்று சிரிப்பாள்.

அவள் இறந்த அன்று காலை வகுப்பு எதைப் பற்றியது தெரியுமா? வாய் சுத்தம். கடைசி நாட்களில் நோயாளியால் விழுங்க முடியாது, உதடு வெடிக்கும், நாக்கு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். மெல்லிய துணியை நனைத்து விரலில் சுற்றி, உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரில் மெதுவாகத் துடைத்துவிட வேண்டும். எப்போதும்போல என்னைத்தான் செய்து காட்டச் சொன்னார் சிஸ்டர். பாயில் படுத்திருந்த ஒரு அங்கன்வாடிப் பெண்ணின் வாயை நான் துடைத்துக் காட்டினேன். அவள் கூச்சத்தில் சிரித்தாள், நான் அதட்டினேன். சிஸ்டர் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல இடையில் புகுந்து எதுவும் சொல்லவில்லை. டீ நேரத்தில்தான் அவருக்குத் தம்மம்பட்டியிலிருந்து போன் வந்தது. எனக்கு வரவில்லை, அவருக்கு வந்தது.

மிச்சத்தை மாமாதான் சொன்னார். எல்லாம் முடிந்து, வந்த சனம் போன பிறகு அவர் தலையைக் குனிந்துகொண்டே பேசினார். நோய் திரும்பி வந்து மாதக்கணக்காகிவிட்டதாம். சேலம் ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லி, அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வந்து நின்றது நம் சிஸ்டர்.

"உனக்குச் சொல்லலாம்னுதான் அந்த சிஸ்டர் மொதல்ல சொன்னாங்க. இவதான் ஒத்துக்கல. 'அவ வந்தா என்னைப் பார்க்க மாட்டா, புண்ணத்தான் பார்ப்பா. எனக்குச் சண்டை போட ஒருத்தி வேணும்'னா. என்கிட்ட தலையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கிட்டா. நான் என்ன பண்ணட்டும்?" என்றார் மாமா.

அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷர். நான் ராசிபுரத்திலிருந்து போன் செய்ததும் வலி மாத்திரையைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொன்னது சிஸ்டர்தானாம். நான் வந்து சேர்வதற்குள் அது வேலை செய்துவிடும். செருப்பைத் துடைத்து, இப்போதுதான் கழற்றிவிட்டது மாதிரி வாசலில் போடச் சொன்னது சிஸ்டர். வளையலைக் கழற்றிவிட்டு, கேட்டால் அரிப்பு என்று சொல்லச் சொன்னது சிஸ்டர். உடம்பு இளைத்தது தெரியாமல் இருக்க நைட்டியும் தோள் துண்டும் அவர் யோசனைதான். நான் இருக்கும்வரை நாற்காலியை விட்டு எழ வேண்டாம், எனக்கு முன்னாலேயே சாப்பிட்டாயிற்று என்று சொல்லிவிட வேண்டும், மூச்சு வாங்கினால் டிவி சத்தத்தைக் கூட்டிவிட வேண்டும்.

கேட்கக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒவ்வொன்றும் அந்த மாடியில் நான் உட்கார்ந்து படித்த பாடம். எனக்குப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவரே என் அக்காவுக்கு மறைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வேறு யாராவது ஏமாற்றியிருந்தால் நான் பொறுத்திருப்பேன். இது பச்சைத் துரோகம். அன்று மாமா வீட்டுச் சுவரில் சாய்ந்து நான் அழுதது அக்கா போனதற்காக மட்டும் இல்லை.

கருமாதி முடிந்ததும் நேராகச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். சிஸ்டர் வகுப்பு முடிந்து மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தார். படியிலேயே மறித்தேன்.

"உங்கக்கா கேட்டாங்க சாமி. நோயாளி வேண்டாம்னா வேண்டாந்தான். உங்களுக்கும் அதத்தானே சொல்லிக் குடுத்தேன்" என்றார்.

"சொல்லாம இருந்தீங்க, சரீங்க. எங்கிட்ட எப்படி நடிக்கறதுன்னு ஏனுங்க சொல்லிக் குடுத்தீங்க?"

சிஸ்டர் அந்தப் படியிலேயே உட்கார்ந்தார். கீழே யாரோ மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். "நான் சொல்லிக் குடுக்காட்டியும் அவங்க நடிக்கத்தான் செஞ்சாங்க. பல்லக் கடிச்சுட்டு நடிச்சாங்க. நீங்க போனதுக்கப்பறம் ரெண்டு நாளைக்கு எந்திரிக்க மாட்டாங்க. எப்படியும் நடிக்கப் போறாங்க, நோகாம நடிக்கட்டும்னுதான் சாமி."

அவர் சொன்னது நியாயம்தான். அதுதான் என் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது. தப்பு செய்தவர் தப்பாகவே இருந்து தொலைந்தால் திட்டிவிட்டாவது வரலாம். "ஊரெல்லாம் தொடைச்சனுங்களே சிஸ்டர், எங்கக்கா வாய ஆருங்க தொடைச்சது?" என்று கேட்டேன்.

"நாந்தான் சாமி. முந்தின நாள் பொழுது சாயற வரைக்கும் அங்கதான் இருந்தேன்."

முந்தைய நாள் அக்காவின் வாயைத் துடைத்துவிட்டு, மறுநாள் காலை ஜன்னலோரம் நின்று, நான் ஊரான் பெண்ணின் வாயைத் துடைத்துக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் கையைப் பிடித்து முகத்தில் ஒற்றிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அந்தக் கையையே தட்டிவிடவும் வேண்டும்போல இருந்தது. "அது என்னோட எடமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சிஸ்டர் இப்போது கோவைப் பக்கம் வேறு இடத்தில் இருக்கிறார். எப்போதாவது போன் செய்வார். எடுப்பேன், நோயாளிகளைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்வேன், சாப்பிட்டீர்களா என்று நான் கேட்பதில்லை. அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் படிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். ஆனால் அது நடக்கவில்லை. வேலையை மட்டும் விடவில்லை. அக்காவுக்கென்று கற்றது அக்காவுக்கு உதவாமல் போயிற்று, மற்றவர்களுக்காவது உதவட்டும் என்று கிடக்கிறேன். அந்த மாடியில் இப்போது வகுப்பெடுப்பது நான்தான். செருப்பைப் பாருங்கள், வளையலைப் பாருங்கள் என்று அதே பாடத்தைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். மிளகாய் நெடியில் புது ஆட்கள் தும்முகிறார்கள்.

போன மாதம், நோயாளி சொன்னதை நோயாளியைக் கேட்காமல் யாரிடமும் சொல்லக்கூடாது என்ற பாடம் வந்தது. புதுசாகச் சேர்ந்த ஒரு கிராம நர்ஸ், துடியான பெண், எழுந்து நின்றாள். "ஏனுங்க்கா, அந்த நோயாளியோட கூடப்பொறந்தவங்க நம்மகூடவே வேல செய்யறவங்களா இருந்தா? அவுங்ககிட்டயும் மறைக்கோணுங்களா?" என்று கேட்டாள். என் கதை அவளுக்குத் தெரியாது. எல்லோரும் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

திரும்பி வந்ததும் அவளே மறுபடி கேட்டாள்.

"மறைக்கோணுந்தானுங்க. நோயாளி சொன்னா அதுதான்" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உட்காரப் போனாள். "ஆனா, நெனவு தப்பி, வாய் தொடைக்கற நேரம் வந்துருச்சுன்னா அந்தக் கூடப்பொறந்தவளக் கூப்பிட்டுருங்க. அப்ப நோயாளிக்கு ஒண்ணும் தெரியாது. அவ வந்து உங்களத் திட்டட்டும், அடிக்கட்டும். கூப்பிட்டுருங்க."

"அப்ப நோயாளிக்குக் குடுத்த வாக்குங்க்கா? அது தப்பில்லீங்களா?"

"தப்புத்தானுங்க" என்றேன். "இருந்தாலும் கூப்பிட்டுருங்க சாமி."