வெள்ளிக்கிழமை பல்பு

எங்கள் மலைக்கு அப்போது ரோடே கிடையாது. கரண்டுக்கு எங்கே போவது? ஆனால் என் தாய்மாமன் கரண்டு செய்பவர். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. வாழவந்தி நாட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் டீசல் என்ஜினும் டைனமோவும் அவர் பொறுப்பு. என்ஜின் ஓடி இரண்டு பழைய லாரி பேட்டரிகளுக்கு சார்ஜ் ஏற்றும். நிறுத்திய பிறகு அவற்றிலிருந்து விளக்கு எரியும். டைனமோவிலிருந்தே நேராக எடுத்தால் ஆகாதா என்று கேட்டால் மாமாவுக்குக் கோபம் வரும். என்ஜின் இருமினால் வெளிச்சமும் இருமும், பேட்டரி வெளிச்சம்தான் ஆடாமல் நிற்கும் என்பார். இதை நானே கண்டுபிடித்த மாதிரி பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன். எட்டு வயதுக்காரிக்கு அவ்வளவு கர்வம்.

என்ஜின் கொட்டகையில் ஒரு முருகன் படத்துக்கு மேலே லாரியின் முன்விளக்கு பல்பைப் பொருத்தியிருந்தார் மாமா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே பேட்டரிகளில் பத்து நிமிடம் எரியும். சுவிட்சைப் போடுவது நான், அணைப்பது மாமா.

அந்த ஐப்பசியில் கண் டாக்டர் ஒருவர் மலையேறி வர ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நாள்தான். மறுநாள் அவருக்கு வேறு ஊரில் வேலை. பன்னிரண்டு பேருக்குப் புரை எடுக்க வேண்டும். எட்டாவது ஆள் என் பெரியம்மா. அம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்தவர், மாமாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அம்மாவின் தோளைப் பிடித்தபடி ஆலத்தூர் நாட்டிலிருந்து நடந்தே வந்திருந்தார். ஒரு கண் ஏற்கெனவே போயிருந்தது. மற்றதில் நிழல் மட்டும் தெரியும். ராகிக்களியைத் தட்டில் வைத்தால் தடவித்தான் கண்டுபிடிப்பார். அந்த மாதத்தில் பகலும் மஞ்சுமூட்டத்தில் இருண்டு கிடக்கும் என்பதால் தோட்டத்திலேயே போட்ட ஆபரேஷன் மேசைக்கு மாமாதான் விளக்கு கட்டினார். இரண்டு நாள் என்ஜினை ஓட்டி சார்ஜ் ஏற்றிவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் டாக்டரை அழைத்துவர அடிவாரத்துக்குக் கிளம்பினார்.

"சாமி வெளக்கப் பத்து நிமிசம் போட்டுட்டு நீயே அணச்சுரு கண்ணு. கரண்டு நாளைக்கு வேணும்" என்றார்.

போட்டேன். அணைக்கக் கை போனபோது அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை ஏற்றிய விளக்கைக் கையால் அணைக்கக் கூடாது, எண்ணெய் தீர்ந்து தானாகக் குளிர வேண்டும். அதுவும் பெரியம்மாவின் கண்ணுக்காக வேண்டிக்கொண்டு போட்ட விளக்கு. மாமா ஆண்பிள்ளை, அவருக்கு இதெல்லாம் தெரியாது என்று முடிவு கட்டி, கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

விடிந்ததும் போய்ப் பார்த்தால் பல்பு செம்மஞ்சளாய்ச் சோர்ந்து கிடந்தது. சனிக்கிழமை ஆகிவிட்டதே, அணைக்கலாம். அணைத்தேன்.

மாமா வந்ததும் சொல்லியிருந்தால், டாக்டர் சாப்பிட்டுக் களைப்பாறிய இரண்டு மணி நேரமும் என்ஜின் ஓடியிருக்கும். டாக்டரின் பெட்டியைத் தலையில் சுமந்து சிரித்துக்கொண்டே வந்தார் மாமா. அந்த முகத்தைப் பார்த்து எனக்கு வாய் வரவில்லை.

ஏழு பேருக்கு வெளிச்சம் தாங்கியது. ஏழாவது ஆளுக்குக் கட்டுப் போடும்போதே மங்கிவிட்டது. பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் கதவருகே நின்றிருந்தேன். மாமா ஓடிப்போய் என்ஜினைக் கிளப்பி டைனமோவிலிருந்து நேராக இணைத்தார். விளக்கு துள்ளித் துள்ளி எரிந்தது. இந்த வெளிச்சத்தில் கண்ணில் கத்தி வைக்க மாட்டேன் என்று டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டார்.

"ரெண்டு நாளா என்னத்தய்யா சார்ஜ் ஏத்துன?" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினார் தோட்டத்து மேனேஜர்.

"ஏத்துனனுங்க" என்றார் மாமா. பிறகு என் பக்கம் திரும்பினார். "நேத்து நீ அணச்சயா கண்ணு?"

"அணச்சனுங்க மாமா" என்றேன்.

பொய் சொல்லவில்லை, அணைத்தேன்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாமா தலையாட்டிவிட்டு, தப்பு தன்னுடையதுதான் என்று மேனேஜரிடம் கைகட்டி நின்றார். அவர் இருந்தவரை அந்தப் பதிலைத் திருத்திச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் கூசிப்போகிறேன்.

பெரியம்மா என் கன்னத்தைத் தடவினார். கையில் ஈரம் பட்டிருக்க வேண்டும். "ஏஞ் சாமி அழுவற? அடுத்த வருசம் வருவாங்கல்ல" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் என் பாரமெல்லாம் இறங்கிவிட்டது. ஒரு வருடம் என்றால் மூன்றாம் வகுப்பு நாலாம் வகுப்பாகும், அவ்வளவுதானே. அன்று களியும் கீரைக்குழம்பும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த ஐப்பசியில் அதே டாக்டர் வந்தார். மாமா கொட்டகையிலேயே படுத்து பேட்டரியைக் காவல் காத்திருந்தார். விளக்கு இம்மியும் ஆடவில்லை. டாக்டர் பெரியம்மாவின் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். "புரை முத்தி உள்ள நரம்பே போயிருச்சும்மா. போன வருஷமே எடுத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அம்மா, பெரியம்மாவின் கையைத் தன் தோளில் எடுத்து வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். நான் பின்னாலேயே ஓடி, டாக்டரும் வந்துவிட்டார், விளக்கும் நன்றாக எரிகிறது, பிறகு ஏன் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டேன்.