ஸ்டெல்லாவின் ஜெபக்கூட்டம்

இன்று சாயங்காலம் பலாப்பழம் வாங்கப் பண்ருட்டி பஸ் ஏறினேன். ஜன்னலோரத்தில் நம்ம ஸ்டெல்லா கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

மருந்துக்கடையில் அவள் மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், நான் பெருக்கித் துடைப்பேன். வேலை முடிந்தால் இரண்டு பேரும் சேர்ந்துதான் டீ குடிப்போம். சில மாதமாக அவள் ஜெபக்கூட்டத்துக்குப் போய்விடுவதால் நான் தனியாகக் குடிக்கிறேன்.

ஜெபத்தைக் கெடுக்கக் கூடாதென்று சத்தமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆமென் வருமென்று பார்த்தால் சைன், காஸ், தீட்டா என்று வருகிறது.

"இன்னாடி இது, புது சாமியா?"

பதறிப்போய்க் கண்ணைத் திறந்தாள்.

"டியூஷன் போயிக்கினு இருக்கேன்க்கா. பிளஸ் டூவுல பெயிலான கணக்கையும் கெமிஸ்ட்ரியையும் எழுதி பாஸ் பண்ணாத்தான் பார்மசி சேர முடியும்."

"அப்ப ஜெபக்கூட்டம்?"

"அது சும்மா சொன்னதுக்கா."

"என் மூட்டு வலிக்கு தினம் ஜெபம் பண்றேன்னியேடி!"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வலி குறைந்த சந்தோஷத்தில் நேற்றுத்தான் அவளுக்கு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தேன்.

"எங்கிட்ட எதுக்குடி மறைச்ச?"

"மறுபடியும் பெயிலாயிட்டா நீ கிண்டல் பண்ணியே கொன்னுடுவ. குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்க சொல்லிடுவ."

அந்த வார்த்தை வலித்ததற்கு முன்னால் மூட்டு வலியெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. பண்ருட்டியில் இறங்கியதும் முதல் வேலையாக நம்ம குவார்ட்டர்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில் இதை எழுதுகிறேன்.

நான் என்ன, ஊரெல்லாம் சொல்கிறவளா? குவார்ட்டர்ஸ் ஆட்களே, நீங்களே பதில் போடுங்கள்.

ஸ்டெல்லாவிடம் மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள். பரீட்சை நேரம், பாவம், படிக்கட்டும்.