பத்தாம் நம்பர் கையுறை

மீனவன் அஸ்லாக்கின் இடது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நின்றுவிட்டன. வலை இழுக்கும் எந்திரம் தின்றது. கடலில் முங்கும்போது ரப்பர் கையுறைக்குள் போடும் கம்பளி உறையில் அந்தக் காலி விரல்கள் மடங்கி உறுத்திக்கொண்டே இருக்கும். யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நாள், முங்குகிறவர்களுக்குக் கையுறை விற்கும் யோருனின் கடையில் தூண்டில் முள் வாங்கிவந்து வீட்டில் பையைக் கொட்டினால், அடியில் ஒரு ஜோடி கம்பளி உறை. இடது கையில் இரண்டு விரலைக் குட்டையாகப் பின்னியிருந்தாள். அவளும் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த யோருனிடம்தான் ஜனவரியில் ஓட்மார் போய் நின்றான். ஃப்ரோயா தீவில் முங்கிச் சிப்பி எடுக்கிறவன், வயது ஐம்பத்து நாலு. போன குளிர்காலத்திலிருந்து அவன் விரல்கள் மெழுகுபோல் வெளுத்து மரத்துப்போகத் தொடங்கியிருந்தன. தண்ணீர் புகுகிற கையுறையை விட்டுவிட்டு, புகாத கையுறைக்கு மாறு, அதிலும் மரத்தால் தொழிலை விட்டுவிடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு தொழில் அவனுக்குத் தெரியாது.

"எட்டாம் நம்பர் குடு" என்றான்.

"கம்பளி போட்டுக்கிட்டுப் போட்டுப் பாத்தியா?"

"இருபது வருஷமா எட்டுதான். கைய நல்லாப் பிடிக்கணும். தொளதொளன்னு இருந்தா குளிரும்."

"அது தண்ணி போற கிளவுசுக்கு. இதுல உள்ள இருக்கிற காத்துதான் சூடு. நீ இறுக்கினா கம்பளி நசுங்கிப்போகும், காத்து எங்க நிக்கும்? கீழ போகப்போக இன்னும் பிடிக்கும்." கவுண்டருக்கு அடியிலிருந்த வாளியைக் காலால் தள்ளினாள். தினமும் காலையில் கடல்நீர் மாற்றி, மீன் ஐஸ் போட்டு வைப்பாள். "கையை விட்டு முஷ்டி மடக்கு. அடியில ஒரு இரும்பு நட்டு கிடக்கு, எடு. அப்புறம் நம்பர் பேசலாம்."

"நான் என்ன ஞானஸ்நானத்துக்கா வந்திருக்கேன்?"

"உனக்கு அது ஒரு தடவை பத்தலைன்னு ஊரே சொல்லுது."

அவன் சிரித்தான். எட்டாம் நம்பரைத்தான் எடுத்துக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள், பதினெட்டு மீட்டர் ஆழத்தில், கை இரண்டும் கட்டை ஆகிவிட்டன. உடைக்குள் காற்று விடும் பொத்தான் நெஞ்சின் மேலேயே இருக்கிறது. விரல் அதைக் கண்டுபிடிக்கவில்லை. படகோடு கட்டிய கயிற்றை முழங்கையில் சுற்றி மூன்று தடவை இழுத்தான். மேலே படகிலிருந்த மைத்துனன் அவனைத் தூக்கிவிட்டான். தேவன் இரக்கம் வைத்தார், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மறுநாள் நாலு மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. ஓட்மார் எட்டாம் நம்பரைக் கவுண்டரில் வைத்தான். யோருன் திட்டவில்லை. முப்பது வருஷம் குனிந்து குனிந்து மற்றவர்கள் கையிலிருந்து ஈர ரப்பரை உருவியவள்; முழங்கால் இரண்டும் போய்விட்டன. ஸ்டூலைப் பிடித்து மெதுவாகக் குனிந்து வாளியை இழுத்தாள்.

ஒன்பது. முஷ்டி மடக்கியதும் விரலிடுக்கில் ரப்பர் இழுத்தது. பத்து. இழுக்கவில்லை, விரல் நுனியில் நகக்கண் அளவு மிச்சம், அவ்வளவே. "இதுதான் உன் நம்பர்" என்றாள். "நட்டை எடு."

எடுத்தான். விழுந்தது. மறுபடி எடுத்தான். விழுந்தது.

"கம்பளி தடிப்பா இருக்கு" என்றான்.

மெல்லிய கம்பளி கொடுத்தாள். விழுந்தது. வேறு கம்பெனியின் கையுறை, மெல்லிய ரப்பர், அதிலும் பத்து. அதுவும் விழுந்தது. அவள் வைத்த காபி ஆறி மேலே ஆடை கட்டியது. பக்கத்தில் வைத்த வாஃபிள் ரொட்டியை இருவரும் தொடவில்லை.

கடைசியில் எல்லாவற்றையும் கழற்றி, அவன் கையைத் துண்டால் துடைத்து, அடுப்பின் பக்கம் உட்காரவைத்தாள். அரை மணி நேரம் ஆனது. பிறகு அவன் கை சூடானதும், "கண்ண மூடு" என்றாள். வெறும் உள்ளங்கையில் எதையோ வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

"என்ன இருக்கு, சொல்லு."

அவன் தடவிப் பார்த்தான். ரொம்ப நேரம் தடவினான். "ஒண்ணும் இல்ல. நீ விளையாடற."

கண்ணைத் திறந்தால், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நட்டு இருந்தது.

பிப்ரவரியில், தீவுக்கு எதிரே பெருநிலத்தில் மீன் பெட்டி அடுக்கும் இடத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. கப்பலேறும் முன் கடைக்குப் போனான். ஈஸ்டர் வாரத்தில் யோருனைத் தேவன் அழைத்துக்கொள்வார் என்று அன்று யாருக்குத் தெரியும்? அவள் வாளி நீரைக் கொட்டிவிட்டு, இடுப்பில் கைவைத்து வாசலில் மூச்சுவாங்கி நின்றாள்.

"என் கைதான் போச்சுன்னு முதல் நாளே உனக்குத் தெரியும்தான?" என்று கேட்டான்.

யோருன் கையை ஏப்ரனில் துடைத்தாள்.

"சந்தேகம் இருந்துச்சு. கிளவுசுதான் தப்பா இருக்கணும்னு நானும் ஜெபம் பண்ணிக்கிட்டே இருந்தேன், ஓட்மார். எந்த நம்பரா இருந்தாலும் தேடி எடுத்திருப்பேன்."