ஒரே டப்பாவில் இரண்டு ஊசி

போன செவ்வாய்க்கிழமை செங்கல்பட்டில் ஒரு டாக்டரின் அறையில் உட்கார்ந்திருந்தேன். எனக்காக இல்லை. என் மனைவியின் தம்பி ஜெகனுக்காக. மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. சாயங்காலமானால் ஜிம். சட்டைக் கை எப்போது கிழியுமோ என்று பயமாக இருக்கும் — அப்படி ஓர் உடம்பு.

கல்யாணமாகி ஐந்து வருஷம். குழந்தை இல்லை. அவன் மனைவி அமுதாவுக்கு எல்லா டெஸ்ட்டும் ஆயிற்று. ரத்தம், ஸ்கேன், மறுபடி ரத்தம். கருமுட்டை வளர வயிற்றில் ஊசி; தானே குத்திக்கொள்ளப் பழகிவிட்டாள். அவனுக்கு? ஒன்றுமில்லை. "லீவு கெடைக்கல" என்று நழுவிக்கொண்டே இருந்தான். என் மாமியாரோ, "இந்த ஒடம்புக்கு இன்னா டெஸ்ட்டு? நம்ம மதுராந்தகம் ஊரே சிரிக்கும்" என்பார்.

புது டாக்டரம்மா விடவில்லை; அவனுக்கும் டெஸ்ட் எடுக்க வைத்தார். ரிசல்ட் வந்தது. விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை.

"மிஷின் தப்பா கீதோ இன்னாமோ டாக்டர்..." ஜெகன் சிரிக்கப் பார்த்தான்.

"ரெண்டு தடவை பார்த்தாச்சு தம்பி. ஜிம்முல ஊசி ஏதாவது போடுறீங்களா?"

அவன் தரையைப் பார்த்தான். பக்கத்து நாற்காலியிலிருந்த அமுதா முந்திக்கொண்டாள். "சத்து ஊசி டாக்டர். ரிசப்ஷன் போட்டோவுக்காக ஆரம்பிச்சாரு, அப்டியே போட்டுகினு கீறாரு. ஜிம் மாஸ்டர் குத்தினா வலிக்குதாம். வாராவாரம் நான்தான் போட்டுவுடறேன். என் ஊசியும் இவர் ஊசியும் ஒரே டப்பாலதான் கீது."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

அது சத்து ஊசி இல்லை. ஆண் ஹார்மோன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்...

விரைக்குள், விந்தணுக்களை வளர்ப்பதற்கென்றே செவிலிச் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கூட்டம் பிஞ்சு விந்தணுக்களை அணைத்துக்கொண்டு ஊட்டுகிறது. ஆணின் உடம்புக்குள் இத்தனை தாய்மார்கள்! உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. பிஞ்சுக்கு வால் முளைத்து முழு விந்தணுவாக இரண்டரை மாதம் போல ஆகுமாம். மூளை ரத்தத்தின் வழியே செய்தி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். செய்தி வந்து செல்லின் வாசலைத் தட்டும். உள்ளே ஒருவர் அடுத்தவரிடம் சொல்ல, அவர் இன்னொருவரிடம் சொல்ல... ஊட்டல் நடக்கும்.

வெளியிலிருந்து ஹார்மோன் கொட்டினால்? 'அங்கேதான் நிறைய இருக்கிறதே' என்று மூளை செய்தியை நிறுத்திவிடும். புஜம் பருக்கும். விரையின் சொந்தச் சுரப்பு வற்றும். செவிலிகளின் கை தளரும். பிஞ்சுகள் பாதியிலேயே உதிரும்.

"ஊசிய நிறுத்துங்க. நிறைய பேருக்குத் திரும்புது. மாசக்கணக்குல ஆகும், வருஷம்கூட ஆகலாம். உறுதியா சொல்ல முடியாது."

அமுதா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் கையாலதான்..."

"வூட்டுக்கு வேணாம் மாமா" என்றான் ஜெகன். மாமல்லபுரம் பக்கம் காரைத் திருப்பினேன்.

மணலில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அவன் போன் அடித்தது. மாமியார். காற்று இரைச்சலில் ஸ்பீக்கரில் போட்டான்.

"இன்னாடா சொன்னாங்க? இன்னா கொறையாம் அவளுக்கு?"

"அவளுக்கு ஒண்ணும் இல்லம்மா."

ஐந்து வருஷத்தில் முதல் தடவை. அமுதா நிமிர்ந்தாள்.

"அப்பறம் இன்னாடா?"

ஜெகன் வாயைத் திறந்தான். ஓர் அலை வந்து போனது. இன்னொன்றும் வந்து போனது.

அமுதா போனை வாங்கினாள். "எனக்குத்தான் அத்தே. இன்னும் கொஞ்ச நாளு ஊசி போடணுமாம்."

"நெனச்சேன்" என்றார் மாமியார். போன் கட்டானது.

அமுதா புடவை மணலைத் தட்டிக்கொண்டு கார் பக்கம் நடந்தாள். அவன் எழுந்திருக்கவில்லை.

உள்ளே செவிலிகள் ஊமையானதற்கு ஊசி காரணம். சரி... வெளியே இவன் ஊமையானதற்கு?