தெற்குப் பார்த்த வாசல்

இன்று தாம்பரம் போகும் பஸ்ஸில் பழைய நண்பன் சேகரைப் பார்த்தேன்.

தொண்ணூறுகளில் நாங்கள் இருவரும் பழைய வீடு வாங்கி, சரிசெய்து விற்கலாமென்று செம்பாக்கத்தில் அலைந்தோம். முதல் வீட்டைக் கண்டுபிடித்தவன் நான். தெற்குப் பார்த்த வாசல், வேண்டாம் என்றவனும் நான்தான்.

அவன் தனியாக வாங்கினான். பக்கத்துச் சந்துப் பக்கமாகக் கிழக்கு வாசல் வைத்து உடனே விற்றுவிட்டான். அப்போது ஆரம்பித்த தொழிலை இன்னும் நிறுத்தவில்லை.

"எல்லாம் நீ காட்டுன வூடு மச்சான்! ராசியான கைடா உனக்கு!"

பஸ்ஸிலேயே என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

குரோம்பேட்டையில் ஒரு ஜன்னல் சீட் காலியானது. வெயில் அடிக்குமே என்று யோசித்தேன். அவன் உட்கார்ந்து ஷட்டரை இறக்கிவிட்டான்.

நின்றுகொண்டே ஒரு கையால் இதை டைப் செய்கிறேன். ராசியான கை கம்பியைப் பிடித்திருக்கிறது.