ஓவியக்கூடத்தில் ஊதிய படகு

நெடுந்தீவில் சித்திரம் படிப்பிக்கிற ஆசிரியருக்கு ஓய்வு கிடையாது. விளையாட்டுப் போட்டிக்குக் கோடு போட வேண்டுமா, பரிசளிப்பு விழாவுக்குப் பதாகை எழுத வேண்டுமா, தண்ணீர்த் தொட்டியில் ‘குடிக்கக் கூடாது’ என்று எழுத வேண்டுமா, என்னைத்தான் தேடுவார்கள். ஆகவே என் படைப்புகள் தீவு முழுவதும் நிரந்தரமாகக் காட்சிக்கு இருக்கின்றன. எழுத்துகள் கொஞ்சம் சரிந்திருக்கும். கடற்காற்று என்று சொல்லிச் சமாளிப்பேன்.

அந்த வருடம் எங்கள் பாடசாலை அதிபர் அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. ஒன்பதாம் தரத்தின் வியாழக்கிழமைச் சித்திரப் பாடத்தை எடுத்துக் கணிதத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று.

“அந்த நேரத்திலை பிள்ளையள் என்ன செய்யினம்?” என்று கேட்டார்.

“பாக்கப் பழகினம், ரீச்சர்.”

“கண் இருக்கிற எல்லாரும் பாக்கினம்தானே. அதுக்கு நீர் என்னத்துக்கு?”

பதில் தெரியாத இடத்தில் நான் வாயை விடுவது வழக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு ஓவியக்கூடம் பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று நிகழ்ச்சி நடத்துகிறது, கூட்டிக்கொண்டு போகிறேன், நீங்களும் வந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்றேன். வரமாட்டார் என்ற நம்பிக்கையில்தான் சொன்னேன். குறித்த நாளில் அவர் குடையும் கையுமாக இறங்குதுறையில் எனக்கு முதலே நின்றார்.

வெளியூர்க்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வாழ்க்கையை நடத்துவது படகின் ஊதல். பின்னேரம் புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில் கடைசிப் படகு ஊதினால், தேத்தண்ணி குடிப்பவர் கோப்பையை வைத்துவிட்டு ஓடுவார். கதைத்துக்கொண்டு நிற்பவர் பாதி வசனத்தில் ஓடுவார். ஓடாதவருக்கு அன்றிரவு அங்கேயே யாராவது சொந்தக்காரர் பாய் போட வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் கால்கள் எங்களிடம் அனுமதி கேட்பதில்லை. அதிபரும் தீவில் பிறந்தவர்தான்.

ஓவியக்கூடம் முன்பு பெரிய வீடாக இருந்தது. நிகழ்ச்சி நடத்திய இளம் பெண் பிள்ளைகளை ஒரேயொரு ஓவியத்துக்கு முன்னால் நிலத்தில் இருத்தினார். ஒரு கதிரை, ஒரு யன்னல், அவ்வளவுதான் படம். கன நேரம் பேசாமல் பார்க்க வேண்டுமாம், பிறகு கண்டதைச் சொல்ல வேண்டுமாம். அதிபர் பின்னால் ஒரு வாங்கில் இருந்தார். எனக்கு வியர்த்தது.

“கதிரையிலை இருந்த ஆள் எங்கை, மிஸ்?” என்று ஒரு பெடியன் தொடங்கினான்.

“தேத்தண்ணிக்குப் போட்டார் போலை.”

“திரும்பி வருவார். செருப்பை விட்டிட்டுப் போயிருக்கிறார்.”

பார்த்தால், கதிரையின் கீழே உண்மையாகவே ஒரு சோடி செருப்பு. நான் இந்த ஓவியத்தைப் பார்ப்பது இது மூன்றாவது தடவை; செருப்பைக் கண்டது அன்றுதான். அதிபரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார். வியாழக்கிழமை என் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். எழுந்து நின்று ஒரு சின்னப் பிரசங்கம் வைத்தேன்.

“ஓவியத்துக்கு முன்னாலை இருக்கேக்கை இடி விழுந்தாலும் அசையக் கூடாது, பிள்ளையள்.”

பக்கத்து அறையில் கடலைப் பற்றிய ஒரு வீடியோ சுவரில் ஓடுமாம். சரியாக அந்த நேரம் யாரோ அதைப் போட்டார்கள். படகு ஊதியது.

எனக்கு நினைவு வந்தபோது முன் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோளில் பை, ஒரு காலில் மட்டும் சப்பாத்து. பின்னால் ஒன்பதாம் தரம் முழுவதும் மூச்சு வாங்கியது.

“என்ன அண்ணை, உள்ளுக்கை நெருப்போ?” என்று காவலாளி பதறினார்.

“இல்லை. படகு.”

அவர் ரோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “இஞ்சை கடல் இல்லை, அண்ணை,” என்றார், ஆஸ்பத்திரியில் வருத்தக்காரரோடு கதைக்கிற குரலில்.

அதிபரைத் தேடினேன். கேற்றுக்கு வெளியே, ரோட்டில், குடையை விரித்துப் பிடித்தபடி, வெயில் எப்படி என்று பார்க்க வந்தவர் போல நின்றார்.

நிகழ்ச்சி நடத்திய பெண் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். தோள்கள் மட்டும் குலுங்கின. பிறகு எல்லோரையும் உள்ளே இருத்திப் படம் வரையத் தாள் கொடுத்தார். “இப்ப ஓடேக்கை கண்டதைக் கீறுங்கோ.”

ஏறக்குறைய எல்லோரும் என் முதுகைத்தான் கீறியிருந்தார்கள். அது இவ்வளவு அகலம் என்று வீட்டில்கூட யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஒருவன் நடு மண்டபத்தில் கிடந்த என் சப்பாத்தை மட்டும் கீறியிருந்தான். வழக்கமாக வீடும் சூரியனும் தவிர வேறு எதையும் கீறாத ஒரு பிள்ளையின் தாளைக் கடைசியாக எடுத்தேன். கேற்றைப் பிடித்தபடி நான். எனக்கு முன்னால், சேலையைத் தூக்கிப் பிடித்து, ஒரு கால் அந்தரத்தில் நிற்க, எங்கள் அதிபர்.

தாளை மற்றத் தாள்களுக்குக் கீழே செருகினேன்.

“அதையும் காட்டும்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அதிபர்தான். கதிரைப் படத்தைப் பார்த்ததைவிட அதிக நேரம் அதைப் பார்த்தார்.

“நான் காலை இவ்வளவு உயத்தினனானோ?” என்று கீறின பிள்ளையைக் கேட்டார்.

“ஓம் ரீச்சர். எங்கடை சித்திர சேரைத் தாண்டி ஓடேக்கை.”

“பை இந்தத் தோளிலையோ கிடந்தது?”

“ஓம் ரீச்சர்.”

அதிபர் தன் தோளைப் பார்த்தார். பை அங்கேதான் கிடந்தது. “ஓடிக்கொண்டே இவ்வளவும் பாத்தனியோ?” என்றார். பிறகு தாளை மடித்து அதே பைக்குள் வைத்தார். திரும்பும் பஸ்ஸிலும் வியாழக்கிழமை பற்றி ஒரு சொல்லும் இல்லை. மண்டைதீவு தாண்டியும் இல்லை, புங்குடுதீவு வந்தும் இல்லை.

குறிகட்டுவானில் பஸ் நிற்க, படகு ஊதியது. இந்தமுறை உண்மையான படகு. பிள்ளைகள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரே நாளில் இரண்டு தடவை ஓடினால் மரியாதை இல்லை என்று நான் நிதானமாக நடந்தேன். அவர்கள் ஓடினார்கள். அதிபரும் ஓடினார். நான் போய்ச் சேர்ந்தபோது படகில் இருக்க, இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு வெங்காய மூட்டைதான் மிச்சம்.

பாதிக் கடலில் அதிபர் என் பக்கம் குனிந்தார்.

“சித்திரப் பாடம் இருக்கட்டும். கணிதத்துக்கு உடற்கல்வியை எடுக்கிறன். இந்தப் பிள்ளையளுக்கு ஓட ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை.”

உடற்கல்வி ஆசிரியர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை.