கெராங் ஓட்டுச் சுண்ணாம்பு

எண்பதுகளின் நடுவில் மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். செம்பனை எண்ணெயை டீசலுக்குப் பதிலாக எரிக்கும்படி மாற்றுவதுதான் ஆய்வு. வழக்கமாக அதற்குக் காஸ்டிக் சோடா போடுவார்கள். பிறகு எண்ணெயைத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். அந்தக் காரத் தண்ணீர் நேரே சாக்கடைக்குப் போகும். நான் சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், ஆலைக் கழிவு ஓடிய வாய்க்கால் ஓரத்தில் வளர்ந்தவன். இன்னொரு வாய்க்காலை நாறடிக்க எனக்கு மனமில்லை. சீனர்களின் மீ நூடுல்ஸ் கடைகளில் குப்பையில் கொட்டும் கெராங் சிப்பி ஓட்டைச் சுட்டு, அந்தச் சுண்ணாம்பைப் போட்டுப் பார்க்கலாமே என்றேன். அதை வடிகட்டி மறுபடியும் பயன்படுத்தலாம், கழுவும் தண்ணீரும் குறையும். பேராசிரியர் சம்மதித்தார். பசுமை வேதியியல் என்று இதற்கெல்லாம் பெயர் வந்தது பின்னால்தான்.

கூட இன்னொரு உதவியாளன் இருந்தான். அவனும் தோட்டத்துப் பிள்ளை. ஈப்போவின் சிலிபின் பகுதியில் ஒரே அறை, ஒரே சட்டிச் சோறு. ஆய்வு கைகூடினால் எங்களில் ஒருவரை மேற்படிப்புக்கு வெளிநாடு அனுப்புவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். எனக்கு அந்த ஆசை வெறியாகவே இருந்தது.

நான் பட்டம் வாங்கினால் என்னைக் காவடி எடுக்க வைப்பதாக அம்மா வேண்டியிருந்தார். பட்டம் வாங்கியாகிவிட்டது, அந்தத் தைப்பூசத்துக்கு விரதம் தொடங்கினேன். கெராங் ஓடோ சதை ஒட்டிக்கொண்டு ஒரே கவுச்சியாக வரும். எப்படித் தொடுவது?

"நீ விரதத்த பாரு மச்சான். கழுவுறது, சுடுறது எல்லாம் நான் பாத்துக்கிறேன்லா," என்றான் அவன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சுட்ட பொடியைத் தொடலாமா என்று அம்மாவைக் கேட்டேன். "நெருப்புல வெந்துட்டா அப்புறம் என்னடா தீட்டு? திருநீறு மாதிரிதானே," என்றார். அதன் பிறகு பொடியிலிருந்து எண்ணெய் வரை எல்லாம் என் கைதான். முதலில் நன்றாக வேலை செய்த சுண்ணாம்பு திடீரென்று மந்தமானது. ஈப்போவின் ஈரக்காற்றை அது குடித்துவிடுகிறது என்று கண்டுபிடித்தவன் நான். மறுபடியும் சூடாக்கி, காற்றுப் படாமல் மூடி வைத்தேன். ஆய்வு கைகூடியது.

பேராசிரியர் கூடத்துக்கு வருவது அபூர்வம். மாலையில் நான் கோயில் பஜனைக்குப் போய்விடுவேன். அன்றைய நிலவரத்தை அவரிடம் சொல்லப் போனவன் அவன்.

தைப்பூசம் முடிந்து மொட்டைத் தலையோடு திரும்பினேன். பேராசிரியர் கூப்பிட்டனுப்பினார். வெளிநாட்டுக்கு அவனை அனுப்புவதாகச் சொன்னார். சமயக் காரணத்தால் நான் ஓட்டையும் தொடவில்லை, சுண்ணாம்பையும் தொடவில்லையாம். என்னை வற்புறுத்த வேண்டாம் என்று அவனே கேட்டுக்கொண்டானாம். "உனக்கு நல்ல நண்பன்," என்றும் சொன்னார். பொடியைத் தொட்டேன், எல்லாம் செய்தவன் நான்தான் என்று பதறினேன். அவர் என் மொட்டைத் தலையைப் பார்த்து, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சிரித்தார்.

நேரே அறைக்கு வந்தேன். அவன் சட்டை மடித்துக்கொண்டிருந்தான்.

"நீ விரதம்னு உண்மையத்தானே சொன்னேன்?"

"பவுடர தொட்டேனே, அத சொன்னியாடா?"

"அத அவரு கேக்கலலா." மடித்த சட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல என்னைப் பார்த்தான். "ஈரம் ஏறாம எப்படி மூடி வச்ச மச்சான்? ஒரு தடவ காட்டேன். அங்க போனா கேப்பாங்க."

செய்தவன் யாரென்று அவனுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியாதது அதுதான். வெளியே போடா என்று கத்தினேன்.

"ரூமு ரெண்டு பேருக்கும் பொதுலா, மச்சான்," என்றான்.

நான்தான் வெளியேறினேன்.